உள்ளூர் நுகர்வுக்கு

பினாங்கு பீச் ஸ்திரீட்டில்
பழைய கிடங்கு ஒன்றின் மேல்மாடி.
கீழே கைப்பேசி உறை விற்கிறார்கள்.
மேலே நான், ஒரு மேசை விசிறி, பதினேழு பெட்டிகள்.
ஆங்கிலத் தாள்களுக்குத் தமிழில் தலைப்பிட வேண்டும்.
பெட்டிக்கு நாற்பது வெள்ளி.

ஒன்பதாம் பெட்டியின் முதுகில்
யாரோ எழுதியிருந்தார்கள்: உணவும் வணிகமும்.
திறந்தால் கரப்பான் எச்சம், பிறகு
ரங்கூன் அரிசி நானூறு மூட்டை, உள்ளூர் நுகர்வுக்கு.
அபின் பன்னிரண்டு பெட்டி, உள்ளூர் நுகர்வுக்கு.
சாராயம், நெய், கருவாடு, மண்ணெண்ணெய்,
எல்லாமே உள்ளூர் நுகர்வுக்கு.
தின்று, ஊதி, குடித்து, கொளுத்தி முடித்து
கணக்கை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது ஊர்.

நுகர்வு, நுகர்வு என்றே தட்டிக்கொண்டு போனேன்.
வெளியே பலகைகளில் பயனீட்டாளர் என்பார்கள்.
என் வீட்டுத் தண்ணீர் பில் எதுவும் சொல்லாது,
கனமீட்டரில் ஓர் எண், கீழே ஒரு தேதி.

அப்புறம் ஒரு நீளத் தாள், கட்டம் போட்டது.
ஒச்சப்பன். தொங்கான் கூலி.
வயது இருபத்தொன்பது, ஏறக்குறைய.
கடைசிக் கட்டத்தில் அதே சொல்:
கன்சம்ப்ஷன்.
கை ஓடிய வேகத்தில் தட்டிவிட்டேன்,
ஒச்சப்பன், நுகர்வு.

விசிறி ஒரு சுற்றுத் திரும்பி வந்தது.
பிறகுதான் முத்திரை கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி.
சாவுப் பதிவேட்டிலிருந்து கழன்ற தாள்.
என்றோ ஒருவர், என்னைப் போலக் கூலிக்குப் பெட்டி பிரித்தவர்,
சொல்லைப் பார்த்திருக்கிறார், நெஞ்சைப் பார்க்கவில்லை.
க்ஷயத்தில் செத்தவனை
அரிசியோடு அடுக்கிவிட்டார்.

அறுபது வருடமோ, எண்பதோ,
தான் சுமந்த மூட்டைகளுக்கு நடுவிலேயே
படுத்துக் கிடந்திருக்கிறான்,
இருமாமல்.

நுகர்தல் என்றால் முகர்தலும்தான்.
தாளை முகர்ந்தேன்.
அந்துருண்டை.

ஆங்கிலத்துக்கு இதற்கெல்லாம் ஒரே சொல்லா என்று
சிரிக்க வாயெடுத்தேன்.
நம்முடையது மட்டும் என்ன?
அடித்தவன் அடித்தான், அடிபட்டவன் அடியுண்டான்.
கட்டுண்டான். அலைப்புண்டான்.
தின்னப்பட்டவன் பேரிலும்
உண்டான் என்றே எழுதிவைக்கிற மொழி.
கள்ளும் குடி, கூரையும் குடி.
கப்பலிறங்கி இங்கே குடிக்கு வந்தான் என்றால்
எதற்கு வந்தான்?

காசுக்கு வந்தான், காசத்தில் போனான்
என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன்.
வெட்கமாகிவிட்டது. அடித்தேன்.
எனக்கு எதுகை கிடைப்பதற்காக
அவன் ரத்தம் துப்பவில்லை.

எலும்புருக்கி என்று போட்டேன்.
அது போதும் போலிருந்தது. அதில் வேலை நடக்கிறது,
உள்ளே யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

வேறு பெட்டிக்கு மாற்றலாமா என்று ரோஸ்னாவைக் கேட்டேன்.
பெட்டி மாறினால் எண் மாறும்,
எண் மாறினால் முப்பது பாரம்,
அங்கேயே இருக்கட்டும் லா, என்றாள்.
கெட்டவள் இல்லை. வெள்ளிக்குள் முடிக்க வேண்டும்.

சரி. அடுத்த கட்டம்: அளவு.
காலியாக விட்டால் நகராது.
ஒன்று.
அலகு? என்றது கணினி.
பட்டியலை இறக்கிக் காட்டியது:
மூட்டை. பெட்டி. பீப்பாய். காலன்.
மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.

சோறு வந்துவிட்டது என்று கீழிருந்து ரோஸ்னா கூப்பிட்டாள்.
நாசி கண்டார், குழம்பு வெள்ளமாக,
ஒரு துண்டு மீன்முட்டை, வெண்டைக்காய்.
நல்ல பசி. காகிதத்தில் ஒட்டிய பருக்கைவரை
வழித்துத் தின்றேன்.

மேலே வந்தால் கட்டம் அதே இடத்தில்
சிமிட்டிக்கொண்டிருந்தது.
கை கழுவித்தான் வந்தேன், இரண்டு தடவை, சோப்புப் போட்டு.
ஆனாலும் தாளைத் தூக்கிய இடத்தில், மூலையில்,
ஏறக்குறைய என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
மஞ்சளாக ஒரு கட்டைவிரல்.
அழிக்கப் பார்த்தேன், பரவியது.
இனி அதுவும் ஒன்பதாம் பெட்டியில் இருக்கும்.